நாலு பத்து ரெயின் நடத்திய வகுப்பு

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒடுக்கமான ஓர் ஒழுங்கை. அதன் கடைசி வீட்டின் மேல்மாடி அறை. சுவரில் ஒரு பழைய கதவு சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. அதற்குக் கடும்பச்சை வர்ணம் அடித்துக் கரும்பலகை ஆக்கியிருந்தார்கள். வெண்கட்டியும் கையுமாக அதன் முன்னால் நான் நிற்கிறேன். கீழே பாயில் என் வகுப்புத் தோழர்கள் பத்துப் பன்னிரண்டு பேர், நான் சொல்வதை எல்லாம் வேதவாக்காக எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

கேதீஸ் கையைத் தூக்குகிறான். மட்டக்களப்புப் பெடியன், நல்லவன். ஆனால் எதையும் ‘ஏன்’ என்று கேட்காமல் விடமாட்டான்.

“ஜெசி, மற்றதெல்லாம் சரி. அந்த ஒண்ட ஏன் குறைக்கிற?”

எனக்கு விடை தெரியாது. ஆனால் சுவர் மணிக்கூட்டில் நேரம் நாலு பத்து. பம்பலப்பிட்டிப் பக்கத் தண்டவாளத்தில் ஹோர்ன் சத்தம் கேட்கிறது. என் முகத்தில் ஒரு பேராசிரியைக்குரிய சிரிப்பு வருகிறது.

“நல்ல கேள்வி,” என்கிறேன். “வடிவாச் சொல்றன், எல்லாரும் கவனியுங்க.”

ரெயின் வந்துவிட்டது.

ஆலோசனை மழை

இந்தக் கதை இப்போது ஏன் ஞாபகம் வந்தது என்றால், போன கிழமை ஒரு தாய் தொலைபேசியில் பேசினார். பத்திரிகையில் நான் எழுதும் இந்தத் தொடரைத் தவறாமல் வாசிப்பவராம். மகளுக்குக் கம்பஸ், அதுதான் பல்கலைக்கழகம், கிடைத்திருக்கிறது, அவள் அங்கே நன்றாக வருவதற்குப் பத்து ஆலோசனை எழுத வேண்டும் என்றார். பத்து! நான் மோசேயும் இல்லை, என் வீட்டுக்குப் பக்கத்தில் மலையும் இல்லை.

ஆலோசனைக்கு எனக்கும் ஒரு காலத்தில் குறைவே இருக்கவில்லை. எங்கள் வீடு கொட்டாஞ்சேனையில், கப்பல் சங்கு கேட்கும் தூரத்தில். டாடி துறைமுகத்தில் கிளார்க். குடும்பத்தில் கம்பஸ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். ஆகவே கம்பஸ் வாசலை மிதிக்காத எல்லோரும் எனக்குப் புத்தி சொன்னார்கள்.

டாடி சொன்னது, முதல் வரிசையில் இருக்க வேண்டும், விரிவுரையாளருக்கு முகம் ஞாபகம் நிற்க வேண்டும் என்று. மம்மி சொன்னது, சோதனை நாளில் முட்டை தொடக்கூடாது என்று. பக்கத்து வீட்டு பெனடிக்ட் அங்கிள் கொள்ளுப்பிட்டியில் ஒரு புத்தகக் கடையில் வேலை செய்தவர். புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கிவிட்டாலே பாதி பாஸ் என்றார். வாங்கினேன். நல்ல தடித்த புத்தகம். மணந்து பார்த்தேன், அருமையான வாசம். அதற்குமேல் எங்களுக்குள் நெருக்கம் வளரவில்லை.

செவ்வாய்க்கிழமை தோறும் அந்தோனியாருக்கு மெழுகுதிரி ஏற்றச் சொன்னார்கள். அதையும் செய்தேன். ஆனால் அவர் தொலைந்த பொருளைத் தேடிக் கொடுப்பவர். என்னிடம் முதலிலேயே இல்லாத கணித அறிவை அவர் எங்கே போய்த் தேடுவார், பாவம்.

வெள்ளவத்தையில் ஏ.எல். உயர்தர வகுப்பு எடுத்த டியூட்டரி சேர் மட்டும் தொழில்முறையாகப் பேசினார். கடந்தகால வினாத்தாள்களை எடு, எது வரும் என்று கணி, அதை மட்டும் பாடமாக்கு. அந்த வழியில்தான் நான் கம்பஸ் வரைக்கும் வந்து சேர்ந்திருந்தேன்.

இத்தனை பேர் சொன்னதில் ஒருவர்கூட, விளங்காவிட்டால் என்ன செய்வது என்று சொல்லவில்லை. எனக்கு விளங்காமல் போகும் என்று ஒருவரும் நினைக்கவே இல்லை.

ஜோக் விளங்கிய பெண்

முதலாம் வருடத்தில் எங்களுக்குப் புள்ளிவிபரவியல் என்றொரு பாடம். எல்லாம் ஆங்கிலத்தில். எடுத்தவர் மூக்குக்கண்ணாடி போட்ட, மெதுவாகப் பேசும் ஒரு மனிதர். கணக்கை எழுதி முடித்ததும் ஆங்கிலத்தில் சின்னதாக ஒரு ஜோக் சொல்வார். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் ஹட்டனிலும் தமிழில் படித்து வந்த என் தோழர்கள் பேனையைப் பிடித்தபடி திகைத்து இருப்பார்கள். நான் கொட்டாஞ்சேனைக் கொன்வென்ட்காரி. முதல் வரிசையில் இருந்து பளீரென்று சிரிப்பேன்.

எனக்கு ஜோக் விளங்கியது, கணக்கு விளங்கவில்லை. ஆனால் பின்னால் இருந்து பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியவில்லை. கொழும்புப் பெட்டைக்கு எல்லாம் தண்ணீர் பட்ட பாடு என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

வருட நடுவில் ஒரு டெஸ்ட் வந்தது. புள்ளிகளை நோட்டீஸ் போர்டில் போட்டார்கள், பெயர் இல்லாமல் சுட்டெண் மட்டும். என் சுட்டெண்ணுக்கு எதிரே இருந்தது பாஸ் புள்ளிக்கு வெகு கீழே. நான் நிதானமாகப் பார்த்தேன், முகத்தை மாற்றாமல் திரும்பி வந்தேன். சுட்டெண்ணுக்கு முகம் இல்லை என்பதில் அன்றைக்கு எனக்கிருந்த நன்றி கொஞ்சமல்ல.

ஆனால் உள்ளே பயம் பிடித்துக்கொண்டது. வருடக் கடைசிச் சோதனையில் இந்தப் பாடத்தில் விழுந்தால் அடுத்த வருடம் ஜூனியர்களோடு இருந்து ஒரே ஒரு தடவை திரும்ப எழுத விடுவார்கள். எவ்வளவு நன்றாக எழுதினாலும் அப்போது ‘சீ’ தரத்துக்கு மேல் இல்லை. அதிலும் விழுந்தால் அந்தப் பட்டத்தையே மறந்துவிட வேண்டியதுதான். டாடியோ நான் பட்டதாரி ஆகிவிட்ட செய்தியைத் துறைமுகம் முழுக்க ஏற்கெனவே சொல்லி முடித்திருந்தார்.

இந்த நிலையில்தான் லோஜினி என்னிடம் வந்தாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, வெள்ளவத்தையில் போர்டிங்கில் இருந்தாள். சிரிக்காமல் பகிடி விடுவாள்.

“சோதனை வருது. நீதான் எங்களுக்குக் குப்பி எடுக்கோணும்,” என்றாள்.

எங்கள் கம்பஸ்களில் இது ஒரு வழக்கம். விளங்கியவர் விளங்காதவர்களை ஓரிடத்தில் கூட்டிவைத்துச் சொல்லிக் கொடுப்பார். காசு கிடையாது, பட்டம் கிடையாது, கடைசியில் பால் விடாத ஒரு பிளேன்டீ கிடைக்கும். ஒரு காலத்தில் விடுதிகளில் குப்பி விளக்கைச் சுற்றி இருந்து படித்ததால் அதற்கு அந்தப் பெயர் என்பார்கள். குப்பி எடுக்கச் சொல்லிக் கேட்பது பெரிய மரியாதை.

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “எத்தின மணிக்கு வைக்கலாம்?” என்று வந்தது.

உதடு மட்டும்

லோஜியின் போர்டிங் வீட்டுக்காரி பாக்கியம் அன்ரி. மேல்மாடி அறையைத் தருவதற்கு இரண்டு நிபந்தனை போட்டார். இருட்டுவதற்குமுன் எல்லோரும் போய்விட வேண்டும். யன்னல்கள் எல்லாம் விரியத் திறந்திருக்க வேண்டும்.

காரணம் கேட்க வேண்டிய தேவை எங்களுக்கு இருக்கவில்லை. யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் வெள்ளவத்தையில் பத்துப் பன்னிரண்டு தமிழ்ப் பிள்ளைகள் ஓர் அறைக்குள் யன்னலைப் பூட்டிக்கொண்டு இருந்தால், கொஞ்ச நேரத்தில் கதவில் தட்டு விழும். நாங்கள் பொலிஸ் பதிவுத் துண்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் சராசரி கண்டுபிடித்தோம்.

யன்னல் திறந்தால் ஒழுங்கைக்கு அந்தப்பக்கம் தண்டவாளம். ரெயின் போகும்போது கட்டில் ஆடும், கண்ணாடி கிணுகிணுக்கும், பக்கத்தில் இருப்பவர் காதுக்குள் கத்தினாலும் கேட்காது. முதல் நாள் அதற்காக மனதுக்குள் அன்ரியைத் திட்டினேன். இரண்டாம் நாள் அவருக்காகச் செபம் சொல்லலாமா என்று யோசித்தேன்.

பாடம் இதுதான். ஒரு கூட்டம் எண்களுக்குச் சராசரி காண வேண்டும். ஒவ்வொன்றும் சராசரியில் இருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்று பார்த்து, அதை வர்க்கித்து, எல்லாவற்றையும் கூட்டி வகுக்க வேண்டும். ஆறு எண் இருந்தால் ஆறால் வகுப்பதுதானே முறை? இல்லை. ஒன்றைக் குறைத்து ஐந்தால் வகுக்க வேண்டும். ஏன் என்று எனக்குத் தெரியாது. குறைக்கச் சொன்னார்கள், குறைத்தேன்.

அந்த ஒன்றைத்தான் கேதீஸ் பிடித்துக்கொண்டான்.

முதல் தடவை அவன் கேட்டபோது தற்செயலாக ரெயின் வந்தது. நான் பேச்சை நிறுத்தவில்லை. ரெயினைக் கவனிக்காதவள்போல உதட்டை அசைத்துக்கொண்டே இருந்தேன். கையை ஆட்டினேன், பலகையில் ஒரு வட்டம் போட்டேன், அதற்குள் ஒரு புள்ளி வைத்தேன். கடைசிப் பெட்டி போன கையோடு, “…அதனாலதான் ஒண்டக் குறைக்கிறம். விளங்கினதா?” என்று முடித்தேன்.

எல்லோரும் தலையாட்டினார்கள். கேதீஸும் ஆட்டினான், கொஞ்சம் தாமதமாக. சிலர் அந்த வட்டத்தையும் புள்ளியையும் பார்த்து வரைந்துகொண்டார்கள்.

அதற்குப் பிறகு என் வகுப்பு ரெயில்வே நேரப்படி நடந்தது. கஷ்டமான இடங்களை மூன்றே முக்காலுக்கும் நாலு பத்துக்கும் ஒதுக்கிக்கொண்டேன். ரெயின் கொஞ்சம் பிந்தினால் பலகையைத் துடைப்பேன், தண்ணீர் குடிப்பேன், மீன் அடைத்த மாலு பணிஸ் வந்துவிட்டதா என்று விசாரிப்பேன். ரெயின் நேரத்தைப் பாடமாக்கிய அளவுக்குப் பெனடிக்ட் அங்கிளின் புத்தகத்தைப் பாடமாக்கியிருந்தால் எனக்குத் தங்கப்பதக்கமே கிடைத்திருக்கும்.

வாசகர்களில் யாராவது, இப்படிச் செய்து என்ன கண்டாய் என்று கேட்கலாம். ஒன்றும் காணவில்லை. சோதனை நெருங்கியது, எனக்கு இரவில் நித்திரை போனது. அவர்கள் என்னை நம்பிப் படிக்கிறார்கள், நான் ரெயினை நம்பிப் படிப்பிக்கிறேன்.

வராத ரெயின்

சோதனைக்கு இரண்டு கிழமை இருந்தபோது ஒருநாள் கொட்டாஞ்சேனையில் இருந்து பஸ்ஸில் வந்தேன். புறக்கோட்டையில் கால் வைக்க இடமில்லை. வெள்ளவத்தை பஸ்ஸில் என் செருப்பில் ஒன்று ஒருவரின் காலடியிலும் மற்றது இன்னொருவரின் காலடியிலும் இருந்தன. ரெயில்வேக்காரர்கள் வேலைநிறுத்தம் என்று எல்லோரும் சிங்களத்திலும் தமிழிலும் திட்டினார்கள். நானும் சேர்ந்து திட்டினேன். அந்தச் செய்தி என் தொழிலைப் பாதிக்கும் என்பது மட்டும் என் மண்டையில் ஏறவில்லை.

வகுப்புத் தொடங்கியது. நாலு மணியளவில் கஷ்டமான கணக்கைப் பலகையில் போட்டேன். கேதீஸ் கையைத் தூக்கினான்.

“ஜெசி, அண்டைக்குச் சொன்ன நீதான். எண்டாலும் இன்னொருக்காச் சொல்லு. அந்த ஒண்ட ஏன் குறைக்கிற?”

“நல்ல கேள்வி,” என்றேன், யன்னலைப் பார்த்தபடி.

பலகையைத் துடைத்தேன். தண்ணீர் குடித்தேன். நாலு பத்து ஆனது. நாலு பதினைந்தும் ஆனது. அப்போதுதான் எனக்கு வேலைநிறுத்தம் ஞாபகம் வந்தது.

அறை அமைதியாக இருந்தது. அந்த அறையில் இருந்தால் கடல் சத்தம் கேட்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எல்லோரும் பேனையைத் தூக்கிவைத்துக்கொண்டு என் வாயையே பார்த்தார்கள்.

“எனக்குத் தெரியாது, கேதீஸ்,” என்றேன். “எனக்கே அது விளங்கல்ல. மிட் டெஸ்ட்டில நான் ஃபெயில்.”

கேதீஸ் தூக்கிய கையை இறக்கினான்.

“அப்ப அண்டைக்கு ரெயின் போகக்குள்ள என்ன சொன்ன நீ?”

“ஒண்டும் சொல்லல்ல. வாயை மட்டும் ஆட்டினன்.”

முதலில் சிரித்தது லோஜி. சிரிக்காமல் பகிடி விடுகிறவள் அன்றைக்குப் பாயில் விழுந்து சிரித்தாள். பிறகு ஒவ்வொருவராக வாயைத் திறந்தார்கள். அந்த ரெயினில் ஒருவருக்கும் ஒன்றும் கேட்டிருக்கவில்லை. மற்றவர்கள் எல்லோரும் தலையாட்டுகிறார்களே, தனக்கு மட்டும்தான் கேட்கவில்லை என்று நினைத்து ஒவ்வொருவரும் ஆட்டியிருக்கிறார்கள். வவுனியாப் பெடியன் ஒருவன் காதுக்குச் சொட்டு மருந்தே விடத் தொடங்கியிருந்தானாம்.

சிரித்து ஓய்ந்ததும் கேதீஸ் மெதுவாகக் கேட்டான், அப்படியானால் அந்த ஒன்று யாருக்கும் தெரியாதா என்று. கீழே பாக்கியம் அன்ரி யாரையோ தண்ணீருக்காக ஏசிக்கொண்டிருந்தார். லோஜி அந்தச் சத்தத்தைக் கேட்டபடி இருந்தாள். திடீரென்று எழுந்து வந்து என் கையில் இருந்த வெண்கட்டியைப் பறித்தாள்.

“பொறுங்கோ. இது எங்கட குளியலறைக் கணக்கு,” என்றாள்.

அந்த வீட்டில் ஆறு பெட்டைகள். காலையில் தண்ணீர் இரண்டு மணித்தியாலம் மட்டும் வரும். ஆளுக்குச் சராசரி இருபது நிமிடம் என்பது அன்ரியின் சட்டம். ஒருத்தி அரை மணித்தியாலம் குளிப்பாள், ஒருத்தி பத்து நிமிடத்தில் வருவாள், அதெல்லாம் அவரவர் இஷ்டம். முதல் ஐந்து பேரும் இப்படி விரும்பியபடி எடுத்துக்கொள்ளலாம்.

“ஆறாவதாப் போறவளுக்கு இஷ்டம் எண்டு ஒண்டு இல்லை,” என்றாள் லோஜி. “மிச்சம் எவ்வளவோ அவ்வளவுதான். சராசரியை முதலே சொல்லிப்போட்டா ஆறு பேரில அஞ்சு பேருக்குத்தான் சுதந்திரம். அந்தக் குறையிற ஒண்டு நான்தான். ஒவ்வொரு நாளும் சவுக்காரத்தோட நிக்கிறன்.”

நான் பையில் இருந்த தடித்த புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தேன். அதையேதான் ஆங்கிலத்தில், குளியலறை இல்லாமல் எழுதியிருந்தார்கள். வாசித்துத் தமிழில் சொன்னேன். கேதீஸ் எண்களைப் போட்டுப் பார்த்தான். எனக்கு விளங்கியது. கம்பஸுக்கு வந்த நாளில் இருந்து எனக்கு முதல்முதல் விளங்கிய விஷயம் அது. சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது, பணிஸ் உறைப்பு என்று சமாளித்தேன்.

மிச்சம் இரண்டு கிழமையும் அந்த வகுப்பு வேறு மாதிரி நடந்தது. ஒரு வரி விளங்காவிட்டாலும் விளங்கவில்லை என்று சொல்ல வேண்டும், சொல்லாமல் தலையாட்டினால் பிளேன்டீ இல்லை. வேலைநிறுத்தம் முடிந்து ரெயின்கள் ஓடத் தொடங்கின. ரெயின் வந்தால் பேச்சை நிறுத்திவிட்டுப் பணிஸ் சாப்பிட்டோம்.

கடைசி விரிவுரையில் நான் முதல் வரிசையில் எழுந்து நின்று, சேர், எனக்கு இது விளங்கவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். ஜோக்குக்குச் சிரிக்கும் பிள்ளை இப்படிச் சொல்லும் என்று அவர் எதிர்பார்க்கவில்லைபோல. பிறகு பலகையை அழித்துவிட்டு முதலில் இருந்து தொடங்கினார்.

ஐந்து புள்ளிக் கேள்வி

சோதனையில் அந்த ஒன்று வந்தது. முதல் கேள்வியில் ஒரு சின்னப் பகுதி, ஐந்து புள்ளி. ஏன் ஒன்றைக் குறைக்கிறோம் என்று விளக்குக. நான் நாலு வரி எழுதிவிட்டு அடுத்ததற்குப் போனேன். இரண்டு மேசை தள்ளி இருந்த லோஜி வினாத்தாளைப் பார்த்து முகமெல்லாம் மலர்ந்ததைக் கண்டேன்.

முடிவு போட்ட அன்று டாடி லீவு எடுத்துக்கொண்டு வெள்ளைச் சட்டையோடு என் பின்னால் வந்தார். என் சுட்டெண்ணுக்கு எதிரே ‘பீ’ என்று இருந்தது. மேலிருந்து எத்தனையாவது என்று கேட்டார். அது சுட்டெண் ஒழுங்கு, தரவரிசை இல்லை என்று சொன்னேன். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு அங்கே நின்ற காவலாளிக்குக் கைகொடுத்தார்.

லோஜியும் போர்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். பாஸா என்று கேட்டேன். ஓம் என்று தலையாட்டினாள். கேதீஸும் பாஸ். டாடி எங்கள் எல்லோருக்கும் ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தார்.

பின்னேரம் நானும் லோஜியும் தண்டவாளத்தைக் கடந்து கடற்கரைக் கல்லில் இருந்து இறால் வடை சாப்பிட்டோம். நான்தான் பேசிக்கொண்டிருந்தேன். எங்களுக்குப் பின்னால் ரெயின் வந்தது. நான் பேச்சை நிறுத்தினேன். அப்போது பார்த்தேன், லோஜி கடலைப் பார்த்தபடி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. ஒரு சொல்லும் கேட்கவில்லை.

ரெயின் போனது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையாட்டியிருந்தால் அவள் அதோடு விட்டிருப்பாள்.

“கேக்கல்ல லோஜி,” என்றேன். “திருப்பிச் சொல்லு.”

அவள் வடைத் துண்டைக் காகத்துக்கு எறிந்தாள்.

“நான் ஃபெயில்.”

அந்த ஐந்து புள்ளிக் கேள்விக்கு அவள் மூன்று பக்கம் எழுதியிருந்தாள். குளியலறை, வாளி, ஆறு பெட்டைகள், அன்ரியின் சட்டம், எல்லாம் படத்தோடு. எழுத எழுத ஆசையாக இருந்ததாம். நிமிர்ந்து பார்த்தபோது நேரம் முடிந்துகொண்டிருந்ததாம். சொல்லிக்கொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். என்னைப் பாஸாக்கிய விடைதான் அவளை விழுத்தியிருந்தது. அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு இருட்டும்வரை அங்கேயே இருந்தேன்.

பத்து ஆலோசனை கேட்ட அந்தத் தாய்க்கு ஒன்றையாவது இங்கே எழுதிவிடுகிறேன்: ஐந்து புள்ளிக் கேள்விக்கு ஐந்து புள்ளிக்குரிய அளவில் விடை எழுதச் சொல்லுங்கள். மற்றதை மகள் தானே கண்டுபிடிப்பாள். லோஜி அடுத்த வருடம் ஜூனியர்களோடு இருந்து எழுதினாள். எவ்வளவு எழுதினாலும் ‘சீ’தான் என்ற அந்தச் ‘சீ’யை எடுத்தாள். அந்த ஜூனியர்கள் அவளை அக்கா என்று கூப்பிட்டுக் குப்பி கேட்டுக்கொண்டு திரிந்தது தனிக் கதை.

ஆனால் எனக்கு அடிக்கடி நினைவில் வருவது அந்த வருடம் அல்ல, முடிவு வந்த கையோடு அடுத்த திங்கட்கிழமை.

அதே பச்சைக் கதவு. பாயில் ஒரே ஒருத்தி. யன்னல் திறந்திருந்தது. இந்தமுறை எனக்குப் பாடம் தெரியும். பாதிக் கணக்கில் நாலு பத்து வந்தது. கட்டில் ஆடியது, கண்ணாடி கிணுகிணுத்தது. நான் வெண்கட்டியை வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றேன். லோஜியும் பேனையை மூடிவிட்டு என்னைப் பார்த்தபடி இருந்தாள்.

கடைசிப் பெட்டியும் போனது. கடல் திரும்பக் கேட்கத் தொடங்கியது.

“இப்ப சொல்லு,” என்றாள்.